ஒரே தாளத்தில் இரண்டு கால்கள்

"இந்த மனுஷன் பொய் சொல்றாரா, இல்ல இவரோட கால் பொய் சொல்லுதா? அதை மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க," என்றார் டாக்டரம்மா.

எதிரே உட்கார்ந்திருந்த டீச்சர் மேஜை மேல் கிடந்த கறுப்புப் பட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கைக்கடிகாரத்தின் வார் மாதிரி இருந்தது. கடிகாரம் இருக்க வேண்டிய இடத்தில் பொத்தான் அளவுக்கு ஒரு சென்சார்.

டீச்சர் என்றால் இப்போது எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் டீச்சர் இல்லை. வேலையில் இருந்த காலமெல்லாம் கணக்கு சொல்லிக் கொடுத்தார். அதைவிட அதிகமாகக் காப்பியடித்தவர்களைப் பிடித்தார். ஓய்வு பெற்றதும், எது தனக்கு நன்றாக வந்ததோ அதையே தொழிலாக்கிக்கொண்டார். ஊரில் பாதிப் பேருக்கு அவர் துப்பறிகிறவர் என்பதே தெரியாது. மீதிப் பேர் வெளியே சொல்ல மாட்டார்கள்.

"இதைக் காலில கட்டிக்கிட்டா என்ன தெரியும்?" என்று கேட்டார்.

"கால் எப்ப அசையுது, எவ்வளவு அசையுது, எல்லாம் தெரியும். மோட்டார் நியூரான் நோய் வந்தவங்களுக்குக் கட்டிவிடறோம். தசையை ஆட்டி வைக்கிற நரம்பு ஒண்ணொண்ணா வேலையை விட்டுட்டுப் போயிடும். இங்க வரும்போது நாங்க பாக்கறது கொஞ்ச நேரம்தான். வீட்டுல எப்படி இருக்காங்கன்னு இந்தப் பட்டைதான் சொல்லணும்."

"இது யாரோட கால்?"

"பஸ் ஓட்டினவர். புது மருந்து குடுத்துப் பாத்துக்கிட்டு இருக்கோம். இங்க வந்தா எழுந்து நிக்கவே ரெண்டு பேர் பிடிக்கணும். ஆனா பட்டையைக் கேட்டா, தினமும் மத்தியானம் ரெண்டு காலும் ஓடி ஆடி வேலை செஞ்சிருக்குன்னு சொல்லுது."

"பட்டையை வேற யாரோ கட்டிக்கிறாங்க," என்றது கதவோரத்திலிருந்து ஒரு குரல். "கேஸ் முடிஞ்சுது. காப்பி வருமா டாக்டர்?"

அது ரேடியோ. டீச்சரின் உதவியாளன். நாற்பதைத் தாண்டிய வழுக்கைத் தலையன். முன்பு இன்சூரன்ஸ் விற்றவன் என்பதால், முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாலும் கதவோடு பேசிக்கொண்டிருப்பான். அவன் வாயை மூடுவதற்குத் தெரிந்த ஒரே வழி தூக்கம், அதுவும் நிச்சயமில்லை.

"மேலிடத்துலயும் அப்படித்தான் சொல்றாங்க," என்றார் டாக்டரம்மா. "ஆள் மாறாட்டம்னு உறுதியானா அவரை ஆய்விலேர்ந்து எடுத்துடுவாங்க. மருந்து நின்னுடும். காலையில வீட்டுக்குப் போற நர்ஸும் நின்னுடுவாங்க. அந்த வீட்டுக்கு வேற யாரும் வர்றதில்ல டீச்சர். இந்த மாதிரி நோய் வந்தா மொதல்ல நேர்ல வருவாங்க, அப்புறம் போன் பண்ணுவாங்க, அப்புறம் அதுவும் இல்ல. நானே நேராக் கேட்டா பழி போட்ட மாதிரி ஆயிடும். அதான் உங்களக் கூப்பிட்டேன்."

இரண்டு கால்களின் அசைவையும் கோடுகளாகக் காட்டும் வரைபடத் தாள்களை டாக்டரம்மா நீட்ட, டீச்சர் வாங்கிச் சுருட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

அன்று பகல் முழுக்க ரேடியோ அந்த பஸ் டிரைவர் வசிக்கும் குடியிருப்பின் எதிரே, மருந்துக்கடைப் படியில் உட்கார்ந்து கண்காணித்தான். சாயங்காலம் டீச்சர் வீட்டுக்கு வந்து ஒப்பித்தான்.

"வீட்டுக்குள்ள போனது ஒரு துணிப்பை. ஒரு அம்மா கொண்டு வந்து குடுத்துட்டு வாசலோட போயிட்டாங்க. அப்புறம் ஒரு பூனை எட்டிப் பாத்துச்சு, மனசு மாறித் திரும்பிடுச்சு. அவ்வளவுதான். அந்த வீட்டுல ஓடற ஆளும் இல்ல, ஆடற ஆளும் இல்ல. புருஷன், பொண்டாட்டி ரெண்டே பேர். இவ்வளவு போரடிச்ச வீட்ட நான் பாத்ததே இல்ல டீச்சர். உங்க வீட்டத் தவிர."

டீச்சர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. வாங்கிக்கொள்ளாத மாதிரி இருந்தார் என்பதுதான் சரி. அந்த வீட்டில் நாற்காலிகள் நான்கு. ஒன்றில் அவர் உட்காருவார், மற்ற மூன்றிலும் கோப்புகள் உட்கார்ந்திருந்தன. ரேடியோ வந்தால் ஒரு நாற்காலிக் கோப்புகள் தரைக்கு இறங்கும். அவன் போனதும் திரும்ப ஏறிவிடும்.

இடது கால் தாளையும் வலது கால் தாளையும் எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினார். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. இரண்டு கோடுகளும் ஒன்றாகத் தெரிந்தன.

"ரேடியோ, கொஞ்சம் நடந்து காட்டு."

நடந்தான்.

"இடது கால் போறப்ப வலது கால் என்ன பண்ணுது?"

"தரையில நிக்குது. ரெண்டும் சேந்து போனா நான் விழுந்துடுவேனே."

"இங்க ரெண்டும் சேந்துதான் போகுது. ஒரு மேடு இங்க இருந்தா அங்கயும் மேடு. பள்ளம்னா ரெண்டுலயும் பள்ளம்."

ரேடியோ ஜன்னலருகே வந்து உற்றுப் பார்த்தான். பிறகு இரண்டு காலையும் சேர்த்துக் கூடத்தில் ஒரு குதி குதித்தான். கீழ்வீட்டுக்காரர் உடனே கூரையைத் தட்டினார்.

"டிரைவர் வீட்டுல தவளை வளக்கறாங்க டீச்சர்."

"ஊஞ்சல்னா?"

"ஊஞ்சலும் இப்படித்தானே. ரெண்டு காலும் சேந்துதான் போகும்."

"ஊஞ்சல் சட்டுனு நிக்காது. குறைஞ்சு குறைஞ்சுதான் நிக்கும். இது வெட்டின மாதிரி நிக்குது, பாரு. கொஞ்சம் சும்மா இருக்கு, மறுபடி கிளம்புது." டீச்சர் பென்சிலால் கோட்டைத் தொடர்ந்தார். "நீளமா ஒரு ஓட்டம். நிறுத்தம். சின்னதா ஒண்ணு. நிறுத்தம். மறுபடி நீளம். மறுபடி சின்னது. அப்புறம் பெரிய இடைவெளி. திரும்பவும் அதே மாதிரி."

தாளின் ஓரத்தில் ஒரு நீளக் கோடு போட்டார். மூலையில் திரும்பிச் சின்னக் கோடு. மறுபடி நீளம், மறுபடி சின்னது. ஒரு நீள்சதுரம் வந்தது.

"அந்தத் துணிப்பையில என்ன இருந்துச்சு?"

"பூப்போட்ட துணி. ஜன்னல் திரை மாதிரி..." ரேடியோ பாதியில் நிறுத்தினான். அவன் பாதியில் நிறுத்துவது அபூர்வம்.

"நாலு பக்கமும் மடிச்சுத் தைக்கிறாங்க. கால்ல மிதிக்கிற தையல் மெஷின். அதுலதான் ரெண்டு காலும் சேந்து போகும்."

"அப்ப நான் சொன்னது சரி. அந்தம்மா பட்டையத் தன் கால்ல மாட்டிக்கிட்டுத் தைக்கிறாங்க. எனக்குக் காப்பி மட்டும் இன்னும் வரல."

"கண்ணால பாத்துட்டு முடிப்போம். உன் பேன்ட்டோட அடிமடிப்பைப் பிரி."

"இது என் கல்யாண பேன்ட் டீச்சர்."

"அந்தக் கல்யாணமே பிரிஞ்சு போச்சேடா."

"அதனாலதான் பேன்டையாவது காப்பாத்தி வச்சிருக்கேன்," என்று சொல்லிக்கொண்டே ரேடியோ மடிப்பைப் பிரித்தான்.

மறுநாள் மத்தியானம் அந்த வீட்டுக் கதவைத் தட்டியபோது உள்ளே மெஷின் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. ஓசை நின்றது. ஐம்பது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் கதவைத் திறந்தார். கழுத்தில் இன்ச் டேப், பல்லிடுக்கில் ஒரு குண்டூசி. டீச்சரின் கண் முதலில் அவருடைய கணுக்காலுக்குத்தான் போனது. வெறுங்கால். பட்டை கிட்டை எதுவும் இல்லை.

"உடனே வேணும்னா உக்காருங்க. தச்சுக் குடுத்துடறேன்," என்றார் அந்த அம்மா, ரேடியோவின் பிரிந்த மடிப்பைப் பார்த்து.

ரேடியோ தோளில் தொங்கிய துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு பேன்ட்டைக் கழற்றிக் கொடுத்தான்.

மெஷின் அறையின் நடுவில் இருந்தது. எல்லா வீட்டிலும் அதைச் சுவரோரம் போடுவார்கள். இங்கே இரண்டு பக்கமும் ஆள் உட்காருகிற மாதிரி இழுத்துப் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் முக்காலி. எதிர்ப்பக்கம் கைவைத்த நாற்காலியில், இரண்டு பக்கமும் தலையணை செருகி, ஒருவர் உட்கார்ந்திருந்தார். கைகள் மடியில் கிடந்தன. கால்கள் மெஷினுக்கு அடியில், இரும்பு மிதியின் மேல். இரண்டு கணுக்காலிலும் கறுப்புப் பட்டை.

ரேடியோ டீச்சரைப் பார்த்தான். டீச்சர் ரேடியோவைப் பார்க்கவில்லை.

"இவருதான் எனக்கு டிரைவர்," என்றார் மனைவி. "பஸ் போனா என்ன, இதை ஓட்டறாரு. இவரு மிதிப்பாரு, நான் தைப்பேன்."

டிரைவர் தலையைக் கொஞ்சமாகத் திருப்பினார். அவருக்கு ஒவ்வொரு வார்த்தையும் மேடு ஏறித்தான் வரவேண்டியிருந்தது.

"எங்க... போகணும்?"

"கடைசி ஸ்டாப்புண்ணே," என்றான் ரேடியோ.

"டிக்கெட்... எடுத்தாச்சா?"

மனைவி சிரித்தார். அவருடைய வேடிக்கைப் பேச்சைக் கேட்கத் தினமும் ஓர் ஆள் கிடைப்பதில்லை போலிருக்கிறது. அந்தச் சிரிப்பு தேவைக்கு மேல் கொஞ்சம் நீண்டது. பிறகு மெஷின் கிளம்பியது.

ஆக, ஆள் மாறாட்டம் இல்லை. மனுஷர் தன் காலில் தன் பட்டையைக் கட்டிக்கொண்டு நியாயமாக உழைக்கிறார். டாக்டரம்மா துள்ளிக் குதிப்பார். டீச்சருக்கும் மனது லேசாகத்தான் இருந்தது, பேன்ட்டின் ஒரு கால் மடிப்பைத் தையல் சுற்றி வந்து நிற்கும்வரை.

ஊசி மிகச் சரியாகத் தையல் தொடங்கிய இடத்தில் நின்றது. யாரும் "நிறுத்துங்க" என்று சொல்லவில்லை. மெஷினின் தலை மறைப்பதால் டிரைவர் இருக்கிற இடத்திலிருந்து ஊசி தெரிய வாய்ப்பே இல்லை. அப்படியானால் எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னது?

டீச்சர் சாவிக்கொத்தைக் கீழே தவறவிட்டார். எடுக்கக் குனிந்தார்.

மிதியின் நடுவில் டிரைவரின் பாதங்கள். அவற்றை ஒட்டி இரண்டு பக்கமும் மனைவியின் பாதங்கள். மனைவியின் விரல்கள் அழுந்தின, குதிகால் எழுந்தது, கெண்டைக்கால் இறுகித் தளர்ந்தது. டிரைவரின் கால்கள் மிதி போன பக்கமெல்லாம் போய் வந்தன. பஸ்ஸில் தூங்குகிறவனின் தலை ஆடுகிற மாதிரிதான் அவை ஆடின.

நிமிர்ந்தபோது மனைவி டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தார். குண்டூசியை வாயிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார்.

"தண்ணி குடிக்கிறீங்களா? உள்ள வாங்க," என்றார்.

சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் பேசினார்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றீங்களா?"

"ஆமா."

"அவருக்குத் தெரியாதுங்க. ஆரம்பத்துல நெஜமாவே அவருதான் மிதிச்சாரு. சும்மா செவுத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்த மனுஷன், ஒரு நாள் தானாக் கேட்டாரு, 'நான் ஓட்டறேன், நீ தை'ன்னு. எவ்வளவு சந்தோஷமா இருந்தாரு தெரியுமா? அப்புறம் மிதி கனத்துப் போச்சு. நான் ஒரு ஓரமா என் காலை வச்சேன். சும்மா வசதிக்கு வச்சிருக்கேன்னு சொன்னேன். கொஞ்சங் கொஞ்சமா இப்ப முழுக்க நான்தான்."

"டாக்டர்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நர்ஸ் போன் பண்ணி, 'கால் பிரமாதமா வேலை செய்யுது'ன்னு சொல்லிட்டாங்க. போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சு. அவரு கேட்டுட்டாரு. அதுக்கப்புறம் எந்த வாயால சொல்றது?"

டீச்சர் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். "அந்த அசைவெல்லாம் மருந்தாலன்னு டாக்டர் நெனச்சுட்டா, இதே நோய் இருக்கற மத்தவங்களும் அதை நம்பி இருப்பாங்கம்மா."

அந்த அம்மா குழாயை மூடினார். முகம் வெளுத்திருந்தது. "ஐயோ, அது எனக்குத் தோணவே இல்லையே. மத்தியானம் மட்டும் பட்டையக் கழட்டி வச்சிடலாம். ஆனா ஏன்னு கேப்பாரே. அவரு கால் ஓடலைன்னு தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாருங்க. நீங்க அவர்கிட்ட ஒண்ணும் சொல்லிடாதீங்க."

டீச்சர் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தார்.

தைத்து முடிந்ததும் மனைவி பேன்ட்டை இஸ்திரி போட உள்ளறைக்குப் போனார். துண்டோடு ரேடியோவும் பின்னாலேயே போனான். அங்கே அவன் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. கூடத்தில் டீச்சரும் டிரைவரும் மட்டும்.

"டாக்டர்... அனுப்பினாங்களா?"

டீச்சர் தலையசைத்தார்.

டிரைவர் உள்ளறைப் பக்கம் கண்ணைக் காட்டினார். "மிதிக்கிறது... அவதான்."

டீச்சர் அவர் பக்கம் குனிந்தார். "உங்களுக்குத் தெரியுமா?"

"இந்த நோய்... அசைவைத்தான் எடுக்கும். தொட்டா... தெரியும்." மூச்சு வாங்கினார். "ஒரு நாள் அவ... நூல் வாங்கப் போனா. தனியா மிதிச்சுப் பாத்தேன். சக்கரம்... ஒரு சுத்து வரல."

"அவங்ககிட்ட ஏன் சொல்லல?"

உள்ளறையில் ரேடியோவின் குரல் ஓயவில்லையே என்று டிரைவர் காது கொடுத்துப் பார்த்தார். 

"சொன்னா... காலை எடுத்துடுவா." கண்கள் மிதியின் மேல் நின்றன. "குளிப்பாட்டறா. தூக்கறா. ஊட்டறா. எல்லாம்... நர்ஸ் தொடற மாதிரி. பாவம், அவளுக்கு அது வேலை. இந்த ஒரு நேரம்தான்... என் பொண்டாட்டி கால்... என் கால் மேல படுது." பிறகு, "அவகிட்ட சொல்லாதீங்க," என்றார்.

டீச்சருக்குப் பொறாமையாக இருந்தது. இப்படிப்பட்ட ஒரு மனிதரைப் பார்த்தா பொறாமைப்படுவது என்று உடனே வெட்கமாகவும் இருந்தது. கணவர் இறந்தபின், தன் மேல் யார் கையாவது பட்டது என்றால் கடையில் பாக்கிச் சில்லறை வாங்கும்போது பட்டதுதான். அவர் கேள்வி எதுவும் கேட்காமல், டிரைவரின் மடியில் கிடந்த கையை எடுத்துக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வாக்கையும் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தார்.

வெளியே வந்த ரேடியோ தெருமுனைவரை அந்த வீட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தான். பிறகு மெல்ல, "எனக்கும் கேட்டுச்சு டீச்சர். கதவு திறந்துதான் இருந்துச்சு. அந்தம்மாவ பால்கனிப் பக்கம் தள்ளிக்கிட்டுப் போயி, வாய்க்கு வந்ததெல்லாம் பேசி வச்சேன். அவங்களுக்குக் கேக்கல," என்றான்.

"இன்னிக்குத்தான் உன் வாய்க்கு நான் சம்பளம் குடுத்தது நியாயம்னு தோணுது," என்ற டீச்சர், சமையலறையில் அந்த அம்மா சொன்னதையும் அவனுக்குச் சொன்னார்.

"இப்ப என்ன பண்றது? பட்டையக் கழட்டச் சொல்லி அந்தம்மா கேட்டா அவரு உடைஞ்சிடுவாருன்னு அவங்க பயப்படறாங்க. அவரே கேட்டா, அவருக்குத் தெரியும்னு அந்தம்மாவுக்குத் தெரிஞ்சிடும். கழட்டாம விட்டா டாக்டர் கணக்கு தப்பு. நாலு பக்கமும் மடிச்சுத் தச்சுட்டாங்களே டீச்சர்."

டீச்சர் நடைபாதையிலேயே நின்றார். ரேடியோவின் கால்களைப் பார்த்தார். "பட்டையக் கழட்டவே வேணாம்டா," என்று சொல்லிவிட்டு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார்.

நடந்ததையெல்லாம் சொன்னார். "மனுஷங்க யாரும் ரெண்டு காலையும் சேத்து வச்சு நடக்கறதில்ல டாக்டர். ரெண்டு பட்டையும் ஒரே தாளத்துல எங்கெங்க அசையுதோ, அதை மட்டும் கம்ப்யூட்டரத் தள்ளிடச் சொல்லுங்க. மெஷின் போயிடும். மிச்சம் இருக்கறது அவரோட சொந்த அசைவு. அந்த வீட்டுல யாரும் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்ல."

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. டாக்டரம்மா புதுக் கோட்டைப் பார்த்துவிட்டுப் பேசினார். "சரியா வருது. ஆள் மாறாட்டம் இல்லன்னு எழுதிக் குடுத்துடறேன். அவர் ஆய்வுல இருப்பாரு, நர்ஸும் போவாங்க. இனிமே காலைப் பத்தி வாயே திறக்க வேணாம்னு நர்ஸ்கிட்டச் சொல்லி வைக்கிறேன்." பிறகு குரல் இறங்கியது. "ஆனா மிச்சம்னு பெருசா ஒண்ணும் இல்ல டீச்சர். கோடு ரொம்பக் கீழ இருக்கு."

"அது அவருக்குத் தெரியும்," என்றார் டீச்சர்.

"இன்னொண்ணு கேக்கணும். போன மாசம் ஒரு மத்தியானம். அதுலயும் ரெண்டு காலும் சேந்துதான் அசையுது. ஆனா ரொம்பச் சின்னதா. ஒண்ணுகூட முழுசா மேல ஏறல. விட்டு விட்டு, சாயங்காலம் வரைக்கும் போயிருக்கு. பட்டை லூசா இருந்திருக்கும்னு நாங்க அப்பவே ஒதுக்கி வச்சோம். இதையும் சேத்து எடுத்துடவா?"

ஒரு தடவை மிதித்துப் பார்த்தேன் என்கிற மாதிரிதான் அந்த மனிதர் சொன்னார். நூல் வாங்கப் போனவர் திரும்பி வரும்வரை, யாரும் இல்லாத கூடத்தில், மத்தியானம் முழுக்க மிதித்திருக்கிறார்.

"அதை மட்டும் எடுத்துடாதீங்க டாக்டர்," என்றார் டீச்சர். "அது அவரே மிதிச்சது."